கரன்ட் மிதிக்குதா, நான் மிதிக்கிறேனா?: பக்கவாதக் கால்களும் ஒரு பழைய கேள்வியும்

(ஆடியோ எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கித் திருத்தியிருக்கிறோம்.)

போன வருஷம் எங்க பெரியப்பாவுக்கு ஸ்ட்ரோக் வந்தது. இடது பக்கம் கையும் காலும் விழுந்துடுச்சு. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகு, அவரை பிசியோதெரபிக்குக் கூட்டிட்டுப் போற வேலை எனக்கு வந்தது. அங்கே ஒரு விசித்திரமான சைக்கிள் இருந்தது. சீட் கிடையாது. வீல்சேரை அப்படியே அதுக்கு முன்னாடி நிறுத்தி, பாதத்தை பெடலோட சேர்த்துக் கட்டினாங்க. தொடைக்கு முன்னாடியும் பின்னாடியும் ஒட்டுற பேட், ஒவ்வொண்ணிலிருந்தும் ஒரு வயர். தெரபிஸ்ட் ஒரு பட்டனை அழுத்தினார். ஒரு மாசமா அசையாம கிடந்த கால் மிதிக்க ஆரம்பிச்சது.

எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. பெரியப்பா மட்டும் சந்தேகமா காலையே பார்த்துக்கிட்டு இருந்தார். நாற்பது வருஷம் மோட்டார் காயில் கட்டினவர். மிஷினை அவ்வளவு சீக்கிரம் நம்ப மாட்டார். கொஞ்ச நேரம் கழிச்சுக் கேட்டார்:

“தம்பி, இது கரன்ட் மிதிக்குதா, நான் மிதிக்கிறேனா?”

“ரெண்டும்தான் ஐயா”ன்னு தெரபிஸ்ட் சிரிச்சார். பெரியப்பாவுக்கு அந்தப் பதில் போதலை. எனக்கும்தான். தேடிப் படிக்க ஆரம்பிச்சேன். கிட்டத்தட்ட இதே கேள்வியை 1757-லேயே ஒருத்தர் எழுதி வெச்சிருக்கார்னு அப்போதான் தெரிஞ்சது. அவர் பேர் பெஞ்சமின் ஃபிராங்க்ளின். இன்னைக்கு எபிசோட் அந்தக் கேள்வியோட கதை.

ஐந்தாம் நாள் தொப்பி

ஃபிராங்க்ளின்னா நமக்கு மின்னல், பட்டம், இடிதாங்கி ஞாபகம் வரும். ஆனால் அந்தக் காலத்துப் பத்திரிகை வாசகர்களுக்கு மின்சாரம் என்றால் வைத்தியமும்தான். 1740களின் நடுவில் லெய்டன் ஜாடி வந்தது. மின்சாரத்தைச் சேமித்து வைக்கும் கண்ணாடி ஜாடி. தொட்டால் உடம்பே தூக்கிப் போடும். சும்மா இருந்த தசையை இது துடிக்க வைக்குதே, அப்போ செயலிழந்த கையைக் காலை அசைக்காதா? இந்த யோசனை ஐரோப்பா முழுக்கப் பரவியது. ஜெனீவாவில் ழான் ஜலாபெர் என்ற பேராசிரியர், பல வருடங்களாகக் கை விளங்காமல் இருந்த ஒரு பூட்டுத் தொழிலாளிக்கு மின்சாரம் கொடுத்து, முன்னேற்றம் தெரிந்ததாக 1748-ல் புத்தகம் போட்டார். பாரிஸில் அபே நோலே அதையே ராணுவ வீரர்கள் விடுதியில் செய்து பார்த்தார். அங்கே பலன் கிடைக்கவில்லை. ஒரு ஊரில் அற்புதம், அடுத்த ஊரில் ஒண்ணுமில்லை. இந்த வைத்தியத்தின் வரலாறு முழுக்க இதுதான் மறுபடி மறுபடி நடக்குது.

அற்புதச் செய்திகள் அமெரிக்கப் பத்திரிகைகளிலும் வந்தன. உடனே பென்சில்வேனியாவின் பல ஊர்களிலிருந்து பக்கவாத நோயாளிகளை ஃபிராங்க்ளின் வீட்டுக்குக் கூட்டி வந்தார்கள். அவர் டாக்டர் இல்லை. ஆனால் மின்சாரம் பற்றித் தெரிந்தவர். ஆறு கேலன் கொள்ளளவுள்ள இரண்டு பெரிய ஜாடிகளை சார்ஜ் செய்து, இரண்டின் அதிர்ச்சியையும் சேர்த்து விழுந்த கை, கால் வழியாக அனுப்பினார். பெரும்பாலும் ஒரு நாளைக்கு மூன்று தடவை.

என்ன நடந்தது என்பதை 1757 டிசம்பர் 21 அன்று ஜான் பிரிங்கிள் என்ற மருத்துவருக்கு எழுதிய கடிதத்தில் விவரிக்கிறார். முதலில் அந்தக் கை காலில் ஒரு சூடு. மறுநாள் காலையில், ராத்திரியில் ஊசி குத்துவது போல இருந்தது என்று நோயாளிகள் சொன்னார்கள். பலம் கொஞ்சம் கூடியது. முதல் நாள் முழங்கால் மேலிருந்து கையைத் தூக்கவே முடியாத ஒருவர், அடுத்த நாள் நாலைந்து அங்குலம் தூக்கினார். மூன்றாம் நாள் இன்னும் கொஞ்சம். ஐந்தாம் நாள், தளர்வாகத்தான், ஆனால் தன் கையாலேயே தொப்பியைக் கழற்றினார்.

இதோட நிறுத்தியிருந்தா இன்னைக்கு வாட்ஸ்அப்ல வர்ற ஃபார்வர்டு மாதிரி இருந்திருக்கும். ஃபிராங்க்ளின் நிறுத்தலை. ஐந்தாம் நாளுக்குப் பிறகு யாரும் மேலும் தேறி நான் பார்த்த ஞாபகம் இல்லை என்கிறார். அதிர்ச்சியும் கடுமையாக இருந்ததால் நோயாளிகள் மனம் தளர்ந்து ஊருக்குத் திரும்பினார்கள். கொஞ்ச நாளில் பழைய நிலைக்கே போனார்கள். நிலையான பலன் எதையும் தான் காணவில்லை என்று ஒத்துக்கொள்கிறார்.

அதுக்கு அடுத்து அவர் எழுதினதுதான் என்னை நிமிர்ந்து உட்கார வைத்தது. அந்தத் தற்காலிக முன்னேற்றத்துக்குக் காரணம் மின்சாரம்தானா? தூரத்திலிருந்து பயணம் செய்து, தினமும் தன் வீட்டுக்கு வந்துபோன உடற்பயிற்சியா? இல்லை, குணமாகிவிடும் என்ற நம்பிக்கை தந்த உற்சாகத்தில் அவர்களே கூடுதலாக முயன்று அசைத்தார்களா? தன்னால் சொல்ல முடியாது என்கிறார். போகிற போக்கில் இன்னொன்றும் சொல்கிறார். என்னை மாதிரி சில பெரிய அதிர்ச்சிகள் கொடுப்பதைவிடப் பல சின்ன அதிர்ச்சிகள் கொடுப்பது பொருத்தமாக இருக்கலாம் என்று.

மின்சாரமா, பயிற்சியா, முயற்சியா? பெரியப்பா கேட்டதும் இதைத்தானே!

அறுந்தது எந்த வயர்?

இங்கே ஒரு நிமிஷம் நிறுத்தி உடம்பைப் பார்ப்போம். இது தெரியாம மீதிக் கதை புரியாது.

மூளையிலிருந்து காலுக்கு ஆர்டர் இரண்டு கட்டமாகப் போகிறது. முதல் வயர் மூளையிலிருந்து தண்டுவடம் வரைக்கும். இரண்டாவது வயர் தண்டுவடத்திலிருந்து தசை வரைக்கும். ஸ்ட்ரோக்கில் அடிபடுவது மேலே இருக்கும் பகுதி. கீழ் வயர் பெரும்பாலும் நல்லாவே இருக்கு. தசையும் நல்லா இருக்கு. ஆர்டர்தான் வரவில்லை. அதனால்தான் வெளியிலிருந்து மின்சாரம் கொடுத்தால் அந்தக் கால் அசைகிறது. போலியோவில் கதையே வேறு. அதில் சாவது கீழ் வயரின் நரம்பு செல்கள். அங்கே இந்த முறை இதே மாதிரி வேலை செய்யாது.

நரம்புக்கும் மின்சாரத்துக்கும் தொடர்பு உண்டு என்பதை 1791-ல் இத்தாலியின் லூயிஜி கால்வானி, தவளைக் கால்களை வைத்துச் செய்த ஆராய்ச்சிகளை வெளியிட்டுக் காட்டினார். 1831-ல் ஃபாரடே மின்காந்தத் தூண்டலைக் கண்டுபிடித்த பிறகு, ஜாடியின் ஒற்றை அடிக்குப் பதிலாகத் தொடர்ந்து சின்னச் சின்னத் துடிப்புகள் தரும் கருவிகள் வந்தன. அப்படி ஒன்றைப் பயன்படுத்தி, பிரெஞ்சு மருத்துவர் துஷென் ஈரமான எலக்ட்ரோடுகளைத் தோலின் மேல் வைத்து, எந்த இடத்தில் வைத்தால் எந்தத் தசை சுருங்கும் என்று உடம்பு முழுக்கத் தேடினார். 1855-ல் அதைப் புத்தகமாகவும் போட்டார். இன்னைக்கு தெரபிஸ்ட் பேடை ஒட்டுறதுக்கு முன்னாடி, இங்கேயா, கொஞ்சம் மேலேயான்னு தேடுறாங்களே, அந்தத் தேடலை முறையாக்கினவர்களில் முக்கியமானவர் இவர்.

ஆனால் துஷென் காலத்து மின்சாரம் தசையைச் சுருங்க வைத்ததே தவிர, ஒரு வேலையைச் செய்ய வைக்கவில்லை. நோயாளி படுத்திருப்பார், தசை துடிக்கும், அவ்வளவுதான். அடுத்த படிக்கு இன்னும் நூறு வருஷம் ஆச்சு.

ஷூவுக்குள் ஒரு சுவிட்ச்

1947-ல் டிரான்சிஸ்டர் வந்தது. மேஜை அளவு இருந்த கருவிகள் இடுப்பில் மாட்டும் அளவுக்குச் சுருங்கின. அமெரிக்காவில் விளாடிமிர் லிபர்சன் என்ற மருத்துவர் தன் குழுவோடு சேர்ந்து 1961-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்.

ஸ்ட்ரோக் வந்து நடக்க ஆரம்பிச்சவங்களைக் கவனிச்சுப் பாருங்க. காலை முன்னே எடுத்து வைக்கும்போது பாதம் மேலே தூக்காமல் தொங்கும். விரல் தரையில் இடறும். அதைத் தவிர்க்க இடுப்பைத் தூக்கி, காலை வட்டமாச் சுழற்றி வைப்பாங்க. லிபர்சன் செய்தது எளிமையான வேலை. ஷூவில் குதிகாலுக்குக் கீழே ஒரு சுவிட்ச். குதிகால் தரையை விட்டு எழுந்ததும் முழங்காலுக்குக் கீழே வெளிப்பக்கம் ஓடும் நரம்புக்கு மின்சாரம் போகும், பாதம் தூக்கும். குதிகால் தரையில் பட்டதும் மின்சாரம் நிற்கும். மின்சாரம் இங்கே முதன்முறையாக நடையோட தாளத்துக்குள்ளே வருது.

லிபர்சன் எதிர்பார்க்காத ஒன்றும் நடந்தது. கருவியை மாட்டி நடந்து பழகிய சிலருக்கு, அதைக் கழற்றிய பிறகும் கொஞ்ச நேரம் பாதம் தானாகத் தூக்கியது. ஊன்றுகோலைக் கீழே வெச்ச பிறகும் ஊன்றுகோல் வேலை செய்ற மாதிரி. அப்போ மின்சாரம் வெறும் காலை மட்டும் அசைக்கலையா? உள்ளே எதையோ மாத்துதா? யூகோஸ்லாவியாவின் லியூப்லியானாவில் வோடோவ்னிக், கிராச்சானின் போன்றவர்கள் இந்தப் பாதக் கருவிகளை அறுபதுகளிலும் எழுபதுகளிலும் மேலும் வளர்த்தார்கள். வேலை செய்ய வைக்கும் இந்த முறைக்கு ‘செயல்சார் மின்தூண்டல்’ என்ற அர்த்தத்தில் எஃப்.ஈ.எஸ். என்று பேர் நிலைத்தது.

டேட்டனில் ஒரு சைக்கிள்

சைக்கிள் எங்கேர்ந்து வந்தது? ஸ்ட்ரோக் வார்டிலிருந்து இல்லை. தண்டுவடம் அடிபட்டவர்களுக்கான ஆராய்ச்சியிலிருந்து வந்தது.

அமெரிக்காவின் ஒஹையோ மாநிலம், டேட்டன் நகரம், ரைட் ஸ்டேட் பல்கலைக்கழகம். அங்கே ஜெரால்ட் பெட்ரோஃப்ஸ்கி, கம்ப்யூட்டரால் தசைகளை இயக்கும் ஆராய்ச்சியில் இருந்தார். 1982 நவம்பரில், கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த நேன் டேவிஸ் என்ற மாணவி, வயர்களும் கம்ப்யூட்டரும் தாங்குகம்பிகளும் துணையிருக்கச் சில அடிகள் நடந்தார். டிவி கேமராக்கள் மொய்த்தன. 1983-ல் பட்டமளிப்பு விழாவிலும் நடந்து போய்ப் பட்டம் வாங்கினார். பிறகு அவர் கதை டிவி படமாகவும் வந்தது. பார்த்தவர்கள் பலர் முடக்குவாதத்துக்கு மருந்து கிடைத்துவிட்டது என்று நினைத்தார்கள். அப்படி இல்லை. மின்சாரத்தை நிறுத்தினால் கால்கள் பழையபடிதான்.

அதிகச் சத்தமில்லாமல் அதே ஆய்வகத்தில் நடந்த இன்னொரு வேலைதான் நீடித்தது. அதுதான் சைக்கிள். யோசிச்சா ரொம்ப நியாயமான தேர்வு. நடக்க வைக்கணும்னா சமநிலை வேணும், விழுந்தா ஆபத்து. சைக்கிளில் உட்கார்ந்தே இருக்கலாம். பாதம் எங்கே போகணும்னு பெடல் முடிவு பண்ணும். கம்ப்யூட்டருக்குத் தெரிய வேண்டியது ஒன்றே ஒன்று: பெடல் இப்போ எந்தக் கோணத்தில் இருக்கு? அதைப் பொறுத்துத் தொடையின் முன்பக்கம், பின்பக்கம், பிட்டம் என்று முறை வைத்து மின்சாரம் கொடுத்தால் சக்கரம் சுற்றும். நொடிக்கு முப்பது, நாற்பது சின்னத் துடிப்புகள். ஃபிராங்க்ளின் ஊகித்த அதே ‘பல சின்ன அதிர்ச்சிகள்’. 1983-ல் பெட்ரோஃப்ஸ்கி குழு வெளியே ஓட்டக்கூடிய வண்டியைப் பற்றியே கட்டுரை எழுதியது. சில வருடங்களில் விற்பனைக்கான உடற்பயிற்சி இயந்திரங்களும் வந்தன. சூப்பர்மேன் நடிகர் கிறிஸ்டோஃபர் ரீவ், 1995-ல் குதிரையிலிருந்து விழுந்து முடங்கிய பிறகு, இந்த வகைச் சைக்கிளில் பயிற்சி எடுத்தார்.

இந்த இயந்திரத்தோட பலவீனமும் சீக்கிரமே தெரிந்தது. நம்ம மூளை ரொம்பக் கெட்டிக்காரத்தனமாகத் தசை இழைகளை ஷிஃப்ட் போட்டு வேலை வாங்கும். சிலது உழைக்கும், சிலது ஓய்வெடுக்கும். தோல் மேல் ஒட்டிய பேடுக்கு அந்த நுணுக்கம் கிடையாது. பக்கத்தில் இருக்கும் அதே இழைகளை, ஒரே நேரத்தில், திரும்பத் திரும்ப அடிக்கும். தசை சீக்கிரம் களைத்துவிடும். முழுக்கச் செயலிழந்த கால்கள் இப்படித் தரும் சக்தி பல சமயம் 10, 20 வாட்டுதான். நம்ம வீட்டுப் பழைய டியூப்லைட்டே 40 வாட்.

ஸ்ட்ரோக்குக்கு வந்த சைக்கிள்

இந்தச் சைக்கிளை ஸ்ட்ரோக் நோயாளிகளிடம் கொண்டுவந்தபோது இரண்டு விஷயங்கள் மாறின. ஒண்ணு, வலி. தண்டுவடம் முழுக்க அறுந்தவருக்குக் காலில் உணர்ச்சி இருக்காது, மின்சாரத்தை ஏற்றலாம். ஸ்ட்ரோக் வந்த பலருக்கு உணர்ச்சி இருக்கும். சுருக்சுருக்கென்று குத்தும், ஓரளவுக்கு மேல் தாங்க முடியாது.

இரண்டாவது இன்னும் முக்கியம். இவங்களுக்கு மேல் வயர் பெரும்பாலும் முழுசா அறுந்து போகலை. நூலிழை மாதிரி ஏதோ மிச்சம் இருக்கு. நல்ல கால் ஒன்றும் கூடவே மிதிக்குது. முதல் சில மாதங்களில் மூளை தானாகவும் கொஞ்சம் தேறும். அப்போ ஒருத்தர் முன்னேறினா, அது மின்சாரத்தாலா, மிதிச்சதாலா, தானா வந்த குணமா? திரும்பவும் ஃபிராங்க்ளின் கேள்வி. ஆனா இந்தத் தடவை பதில் தேட ஒரு வழி இருந்தது. நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு மட்டும் நிஜ மின்சாரம் கொடுப்பது.

நெதர்லாந்தில் தாமஸ் யான்சன் குழு 2008-ல் வெளியிட்ட ஆய்வு சின்னது. ஸ்ட்ரோக் வந்து மாதக்கணக்கான 12 பேர். ஆறு வாரம், வாரத்துக்கு இரண்டு தடவை சைக்கிள். ஒரு குழுவுக்குத் தசையைச் சுருக்கும் அளவு மின்சாரம். இன்னொரு குழுவுக்கு, தோலில் உணரலாம், ஆனால் தசை சுருங்காது என்ற அளவில். முடிவு? இரண்டு குழுவுமே தேறியது. மூச்சுத் திறன் கூடியது, நடக்கும் தூரம் கூடியது. ஆனால் குழுக்களுக்கு நடுவே பெரிய வித்தியாசம் இல்லை. ஃபிராங்க்ளின் இருந்திருந்தா, ‘அப்போ அது நடந்து வந்த பயிற்சிதான்’னு சொல்லியிருப்பார்.

மூணே வருஷத்தில் வேறு பதில் வந்தது. இத்தாலியில் மிலான் பாலிடெக்னிக்கின் எமிலியா அம்ப்ரோசினி, சிமோனா ஃபெரான்டே ஆகியோர் வில்லா பெரெட்டா மறுவாழ்வு மையத்தோடு சேர்ந்து 35 பேரைச் சேர்த்தார்கள். எல்லோரும் ஸ்ட்ரோக் வந்து அதிக காலம் ஆகாதவர்கள். நாலு வாரம், 20 அமர்வு, ஒவ்வொன்றும் 25 நிமிடம். ஒரு குழுவுக்கு நிஜத் தூண்டல், இன்னொன்றுக்குப் போலி. 2011-ல் வந்த முடிவுப்படி, நிஜத் தூண்டல் கிடைத்தவர்களுக்குக் கால் பலமும் உடம்பை நிமிர்த்தி உட்காரும் திறனும் தெளிவாகக் கூடின. போலிக் குழுவில் அப்படி இல்லை. சில மாதம் கழித்துப் பார்த்தபோதும் பலன் நின்றது. நடை வேகத்தில் மட்டும் இரண்டு குழுவுக்கும் இடையில் அவ்வளவு தெளிவான வித்தியாசம் இல்லை.

அதே மிலான் குழுவினர் 2020-ல் 68 பேரை வைத்து இன்னும் விரிவான பயிற்சியைச் சோதித்தார்கள். தூண்டல் சைக்கிள், திரையைப் பார்த்து இரண்டு காலையும் சமமாக மிதிக்கும் பயிற்சி, கூடவே நிற்கும் சமநிலைப் பயிற்சி. எதிரே வழக்கமான பிசியோதெரபி. இரண்டு பக்கமும் தேறினார்கள், ஏறக்குறைய ஒரே அளவு. தங்கள் முறையே பெரிதாக ஜெயிக்காத முடிவையும் அவர்களே வெளியிட்டார்கள். எனக்கு அதுல ஃபிராங்க்ளினோட கடிதம்தான் ஞாபகம் வந்தது.

ஒரே நேரத்தில் இரண்டு ஆர்டர்

ஏன் ஒரு இடத்தில் பலன், இன்னொரு இடத்தில் இல்லை? நோயாளி எந்தக் கட்டத்தில் இருக்கார், எதோட ஒப்பிடுறோம், எத்தனை பேர் இருக்காங்க, எல்லாமே காரணமாகலாம். ஆனால் 2003-ல் டேவிட் ரஷ்டன் என்ற மருத்துவர் முன்வைத்த ஒரு கருதுகோள் எனக்கு முக்கியமாகப் படுது.

வெளியிலிருந்து நரம்பைத் தூண்டினால் சிக்னல் தசைக்கு மட்டும் போவதில்லை. அதே நரம்பு வழியாகத் தண்டுவடத்தை நோக்கிப் பின்னாலும் ஓடுகிறது. அதே நேரத்தில் மூளையிலிருந்து, பலவீனமாகவாவது, ‘மிதி’ என்ற ஆர்டர் அங்கே வந்து சேர்ந்தால்? இரண்டும் ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் சந்திக்கும்போது அந்த இணைப்பு வலுப்படலாம் என்றார் ரஷ்டன். இது நிரூபிக்கப்பட்ட சட்டம் இல்லை, கருதுகோள். ஆனால் லிபர்சன் கண்ட அந்த மிச்சப் பலனை விளக்க இது ஒரு வழி. இது சரின்னா, நோயாளி சும்மா உட்கார்ந்து மிஷினை வேடிக்கை பார்த்தா பாதிப் பலன் போச்சு. கரன்ட் வரும் அதே நொடியில் அவரும் முயலணும்.

ஃபிராங்க்ளின் மின்சாரம், பயிற்சி, முயற்சி என்று மூன்று சந்தேகங்களைத் தனித்தனியாக வைத்தார். எது நிஜம் என்று கேட்டார். கேள்வியே கொஞ்சம் மாறணும்னு இப்போ தோணுது. இந்த மூணும் ஒண்ணுக்கொண்ணு போட்டி இல்லாமல் இருக்கலாம். சேர்ந்து வந்தால்தான் வேலை நடக்கும்னும் இருக்கலாம்.

அதனால இதைக் கேட்டுட்டு யாரும் ஆன்லைன்ல மிஷின் ஆர்டர் போட்டுடாதீங்க. இதயத்தில் பேஸ்மேக்கர் இருக்கா, வலிப்பு வந்திருக்கா, தோல் எப்படி இருக்கு, இதெல்லாம் டாக்டரும் தெரபிஸ்ட்டும் பார்த்து முடிவு பண்ற விஷயம். சைக்கிள் கிடைக்காத ஊரில் இருக்கிறவங்க எதையோ இழந்துட்டோம்னு குற்ற உணர்ச்சியும் படவேண்டாம். வழக்கமான பயிற்சியைத் தினமும் செய்றவங்களும் தேறுறாங்க. மேலே சொன்ன ஆய்வுகளே அதைத்தான் காட்டுது.

பெரியப்பாகிட்ட இந்தக் கதை முழுக்கச் சொன்னேன். தொப்பி கழற்றினவர் ஊருக்குப் போய் என்ன ஆனார்னு மட்டும் கேட்டார். பழைய மாதிரி ஆயிட்டாராம்னு சொன்னேன். கொஞ்ச நேரம் பேசலை. “அஞ்சு நாள்ல விட்டுட்டு வந்திருக்கக் கூடாது”ன்னார்.

இப்போ கம்பு ஊன்றித் தெருமுனை வரைக்கும் போறார். பாதம் இன்னும் கொஞ்சம் இழுக்குது. அது எதனால வந்த முன்னேற்றம்னு என்னால சொல்ல முடியாது. ஆனா சைக்கிள்ல உட்கார்ந்தா இப்பல்லாம் மிஷினைப் பார்க்கிறதில்லை. பல்லைக் கடிச்சுக்கிட்டு, வயர் துடிக்கிற அதே தாளத்தில் தானும் மிதிக்கிறார். போன வாரம் தெரபிஸ்ட்கிட்ட சொன்னார்: “தம்பி, கரன்ட்டைக் கொஞ்சம் குறைங்க. பார்ப்போம்.”